மதுவும் இளம் ஓட்டுநரும்: அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சட்டமும் பொது விழிப்புணர்வும் (1970–1998)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970களின் முற்பாதியில் 29 மாநிலங்கள் மது வாங்குவதற்கான சட்ட வயதைக் குறைத்தன. அதனையடுத்து இளம் ஓட்டுநர்களின் சாலை விபத்துகள் பெருகின. அவ்வயதை மீண்டும் 21ஆக உயர்த்தும் நோக்குடன் 1984இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 21 வயதுக்குட்பட்ட ஓட்டுநர்க்கெனத் தனி ஆல்கஹால் வரம்பை வேண்டும் மற்றொரு சட்டம் 1995இல் வந்தது. இவ்விரு சட்டங்களின் தோற்றத்தையும் செயற்பாட்டையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் இயங்கிய பொது விழிப்புணர்வு முயற்சிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. விழிப்புணர்வு இல்லாத சட்டமும் சட்டத்தின் துணையற்ற விழிப்புணர்வும் குறைந்த பயனையே தந்தன என்பதும், இரண்டும் ஒன்றையொன்று தாங்கிய இடங்களிலேயே இறப்புகள் தெளிவாகக் குறைந்தன என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: குடித்து வாகனம் ஓட்டுதல், பதின்வயதினர், குறைந்தபட்ச மது வயது, கூட்டாட்சி, நெடுஞ்சாலை நிதி, பொது விழிப்புணர்வு.

முன்னுரை

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது தவறு என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அது குற்றம் என்னும் எண்ணம் சமூகத்தில் வேரூன்ற நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவில் 1970கள் வரை அது பெரும்பாலும் ஒரு துரதிர்ஷ்டமாகவே கருதப்பட்டது. ஓட்டுநர் மீது இரக்கம் காட்டும் நடுவர்களும், சிறு அபராதத்துடன் வழக்கை முடித்துவிடும் நீதிமன்றங்களும் பல இடங்களில் இருந்தன. 1982இல் அந்நாட்டுச் சாலைகளில் ஏறத்தாழ 44,000 பேர் மாண்டனர். அவ்விறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் மதுவுக்குத் தொடர்பு இருந்தது.

இவ்விறப்புகளில் இளையோரின் பங்கு அவர்தம் மக்கள்தொகைப் பங்கை விஞ்சி நின்றது. அதற்கு இரு காரணங்கள் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதிலேயே ஓட்டுநர் உரிமம் பெறலாம். எனவே வாகனம் ஓட்டும் பயிற்சி முதிராத பருவமும் மது அறிமுகமாகும் பருவமும் ஒன்றாய் அமைந்தன. மேலும், இரத்தத்தில் ஒரே அளவு ஆல்கஹால் இருக்கும்போது முதியவரைக் காட்டிலும் இளம் ஓட்டுநருக்கே விபத்து வாய்ப்பு அதிகம் என்பதை ஆய்வுகள் பலவும் காட்டின. இச்சிக்கலை அந்நாடு எவ்வாறு எதிர்கொண்டது என்பதைக் கால வரிசையில் காண்போம்.

பதினெட்டு வயது உரிமையும் மதுவும்

1933 திசம்பரில் நிறைவேறிய 21ஆம் அரசமைப்புத் திருத்தம் நாடு தழுவிய மதுவிலக்கை முடிவுக்குக் கொண்டுவந்தது. மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களின் கைக்கு வந்தது. பல மாநிலங்கள் மது வாங்குவதற்குரிய வயதை 21 என வகுத்தன. வாக்களிக்கும் வயதும் அதுவே ஆகையால் இவ்வரம்பு இயல்பானதாகத் தோன்றியது. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் மட்டும் 18 வயதையே ஏற்றிருந்தன.

வியட்நாம் போர் இவ்விணைப்பைக் கலைத்தது. 18 வயதில் கட்டாயப் படைப்பணிக்கு அழைக்கப்படும் இளைஞனுக்கு வாக்குரிமை ஏன் இல்லை என்னும் வினா வலுத்தது. 1971 சூலையில் ஏற்பளிக்கப்பட்ட 26ஆம் திருத்தம் வாக்களிக்கும் வயதை 18ஆக்கியது. அதே வாதம் மதுவுக்கும் நீண்டது. போரிடவும் வாக்களிக்கவும் தகுதியுடையவன் ஒரு குவளை பீர் அருந்தத் தகுதியற்றவனா என்று கேட்கப்பட்டது. 1970க்கும் 1975க்கும் இடையே 29 மாநிலங்கள் மது வயதை 18, 19 அல்லது 20 எனக் குறைத்தன. இம்மாற்றம் உரிமை பற்றிய விவாதமாகவே நடந்தது. சாலைப் பாதுகாப்பு அதில் பெரிதும் பேசப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

விளைவை முதலில் உணர்ந்தவர்கள் விபத்துப் பதிவேடுகளை ஆராய்ந்தோரே. மிச்சிகன் மாநிலம் 1972 சனவரியில் வயதை 18ஆகக் குறைத்தது. அங்கும், விஸ்கான்சினிலும், கனடாவின் ஒண்டாரியோவிலும் நடந்த ஆய்வுகள் இளம் ஓட்டுநர்களின் விபத்துகள் கூடியதைக் காட்டின. மிச்சிகன் மக்கள் 1978 நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் வயதை மீண்டும் 21ஆக உயர்த்தினர். மெய்ன் மாநிலம் 1977இல் 20ஆக உயர்த்தியது. இவ்விரு மாநிலங்களின் விபத்துப் பதிவுகளை விரிவாக ஆராய்ந்த அலெக்சாந்தர் வாகெனார், வயது உயர்வுக்குப் பின் இளையோரின் மது சார்ந்த விபத்துகள் குறைந்தன என்று 1983இல் வெளியான தம் நூலில் நிறுவினார்.

குருதி எல்லைகள்

மாநிலங்கள் தனித்தனியே வயதை மாற்றியதால் எதிர்பாராத ஒரு தீங்கு விளைந்தது. அண்டை மாநிலங்களில் வெவ்வேறு வயது வரம்புகள் நிலவின. பென்சில்வேனியாவில் மது வயது 21. அதனையடுத்த நியூயார்க்கில் 1982 திசம்பர் வரை 18. நியூசெர்சி 1983 சனவரியில் 21க்கு உயர்ந்தபோது நியூயார்க் 19இல் நின்றது. இல்லினாய் 1980இல் 21க்கு மாறியது. வடக்கேயிருந்த விஸ்கான்சினில் 18 வயதினர் மது வாங்க முடிந்தது.

எனவே வார இறுதிகளில் இளைஞர்கள் வாகனத்தில் எல்லை கடந்து சென்று குடித்துவிட்டு நள்ளிரவில் அதே வாகனத்தில் வீடு திரும்பினர். எல்லையோரச் சாலைகளில் உயிர்கள் மாய்ந்தன. இவ்வெல்லைகளைக் 'குருதி எல்லைகள்' என்றே செய்தித்தாள்கள் அழைத்தன. மதுவினின்று இளைஞனைக் காக்க ஒரு மாநிலம் இயற்றிய சட்டம், அவனை நெடுந்தொலைவு ஓட்டச் செய்து மேலும் பெரிய இடரில் தள்ளியது. ஒரு மாநிலம் தனித்து நின்று தீர்க்க இயலாத சிக்கல் இது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

துயரம் இயக்கமாதல்

இக்காலத்தில்தான் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பொதுவெளிக்கு வந்தன. 1978இல் நியூயார்க் மாநிலத்தில் தோரிஸ் எய்கன் போதை ஓட்டுநர்களை அகற்றும் நோக்குடைய அமைப்பொன்றைத் தொடங்கினார். 1980 மே மாதம் கலிபோர்னியாவில் கேண்டி லைட்னரின் 13 வயது மகள் சாலையோரம் நடந்து செல்கையில் குடிபோதையில் வந்த ஒருவரின் வாகனம் மோதி இறந்தாள். அவ்வோட்டுநர் அதே குற்றத்துக்காக முன்னரே தண்டிக்கப்பட்டவர். அவருக்குக் கடுந்தண்டனை கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று அறிந்த லைட்னர், அவ்வாண்டிலேயே 'குடிபோதை ஓட்டுநர்களுக்கு எதிரான அன்னையர்' என்னும் அமைப்பை நிறுவினார். சில ஆண்டுகளில் அது நாடெங்கும் கிளைகளைப் பெற்றது.

இவ்வமைப்புகளின் முதன்மையான பணி சொல்லை மாற்றியதாகும். 'விபத்து' என்பது எவர் கையிலும் இல்லாத நிகழ்வைக் குறிக்கும். குடித்தபின் சாவியை எடுப்பதோ ஒருவர் தெரிந்து செய்யும் செயல். எனவே இவ்விறப்புகள் தடுக்கத்தக்கவை, அவற்றுக்குப் பொறுப்பாளர் உண்டு என்ற கருத்தை இவ்வமைப்புகள் வலியுறுத்தின. இறந்தோரின் ஒளிப்படங்களுடன் சட்டமன்றங்களுக்குச் சென்ற அன்னையரைப் புறக்கணிப்பது எந்த உறுப்பினருக்கும் எளிதாக இல்லை.

பள்ளிகளிலும் இயக்கம் தோன்றியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேலண்ட் நகரில், தம் மாணவர் இருவர் தனித்தனி விபத்துகளில் இறந்ததையடுத்து ஆசிரியர் இராபர்ட் அனஸ்தாஸ் 1981இல் மாணவர் அமைப்பொன்றை உருவாக்கினார். 'வாழ்வுக்கான ஒப்பந்தம்' என்பது அதன் புகழ்பெற்ற கருவி. மகன் அல்லது மகள் தானோ தன் நண்பரோ குடித்திருந்தால் எந்நேரமாயினும் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். பெற்றோர் அப்போது கண்டிக்காமல் வந்து அழைத்துச் செல்ல வேண்டும். பேச வேண்டியதைப் பின்னர்ப் பேசலாம். இருதரப்பும் இதில் கையொப்பமிட்டனர். பெற்றோரின் சினத்துக்கு அஞ்சியே இளைஞன் வாகனத்தை எடுக்கிறான் என்னும் உண்மையை இவ்வொப்பந்தம் கண்டுகொண்டது. அதே வேளையில், குடிப்பதை இது மறைமுகமாக ஏற்கிறது என்ற குறைகூறலும் எழுந்தது.

1984ஆம் ஆண்டுச் சட்டம்

பொதுமக்களின் அழுத்தம் நடுவண் அரசை எட்டியது. 1982 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன் இச்சிக்கலை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தார். முன்னாள் போக்குவரத்துச் செயலர் ஜான் வோல்பே தலைமையிலான அவ்வாணையம் 1983 இறுதியில் அறிக்கை அளித்தது. எல்லா மாநிலங்களிலும் மது வயது 21 ஆக வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

ஆனால் மது மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டது. நடுவண் அரசு நேரடியாக வயதை வகுத்தால் அது 21ஆம் திருத்தத்துடன் மோதக்கூடும். இதற்கு நெடுஞ்சாலை நிதி வழியாயிற்று. நியூசெர்சியைச் சேர்ந்த பேராளர் ஜேம்ஸ் ஹோவர்டும் செனட்டர் பிராங்க் லாட்டன்பெர்க்கும் முன்னின்று கொணர்ந்த சட்டம், 21 வயதுக்குட்பட்டோர் மது வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் அனுமதிக்கும் மாநிலத்துக்குரிய நெடுஞ்சாலை நிதியில் முதலாண்டில் 5 விழுக்காட்டையும் அடுத்த ஆண்டில் 10 விழுக்காட்டையும் நிறுத்திவைக்க வழிசெய்தது. குருதி எல்லையின் தீமையை நேரில் கண்ட மாநிலத்தின் உறுப்பினர்களே இதனை முன்னெடுத்தனர் என்பது தற்செயல் அன்று.

மாநில உரிமைகளை வலியுறுத்திவந்த ரேகன் தொடக்கத்தில் இம்முறையை விரும்பவில்லை. பின்னர்த் தம் நிலையை மாற்றிக்கொண்டார். 1984 சூலை 17 அன்று, லைட்னர் அருகிருக்க, அவர் குறைந்தபட்ச மது வயதுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். சிக்கல் மாநில எல்லைகளைக் கடந்தது ஆகையால் தீர்வும் அவ்வாறே அமைய வேண்டும் என்பதே அம்மாற்றத்துக்கு அவர் காட்டிய நியாயம்.

டோல் வழக்கும் மாநிலங்களின் தயக்கமும்

தெற்கு டகோட்டாவில் 19 வயதினர் 3.2 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பீரை வாங்கலாம். அம்மாநிலம் போக்குவரத்துச் செயலர் எலிசபெத் டோலுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 1987 சூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய அத்தீர்ப்பு, நிறுத்திவைக்கப்படும் தொகை சிறியது. எனவே இது வற்புறுத்தல் ஆகாது, ஊக்குவிப்பே ஆகும் என்று கருதியது.

நீதிபதி சாண்ட்ரா டே ஓகானரின் மாற்றுத் தீர்ப்பும் கருதத்தக்கது. இச்சட்டம் வாகனமே ஓட்டாத இளைஞனையும் தடுக்கிறது. மறுபுறம், குடித்து ஓட்டுவோருள் பெரும்பான்மையரான மூத்தோரைத் தீண்டவில்லை. ஆகவே நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கும் இந்நிபந்தனைக்கும் உள்ள உறவு போதியதன்று என்றார் அவர். லைட்னரின் மகளைக் கொன்றவரும் பதின்வயதினர் அல்லர் என்பதை இங்கு நினைவுகூரலாம். ஒரு சமூகம் முழுமைக்கும் உரிய தவற்றின் சுமையை வாக்கு வலிமை குறைந்த ஒரு வயதினர் மீது ஏற்றுவது எளிது. இக்குறை இச்சட்டத்தை இன்றளவும் தொடர்கிறது.

1988ஆம் ஆண்டுக்குள் 50 மாநிலங்களும் வயதை 21ஆக்கின. வயோமிங் இறுதியாக இணைந்தது. ஆயினும் ஏட்டில் மாறிய வயது எங்கும் நடைமுறையில் மாறிவிடவில்லை. லூசியானா இதற்குத் தக்க சான்று. அங்கு 21 வயதுக்குட்பட்டோர் மது வாங்குவது குற்றமாக்கப்பட்டது; ஆனால் 18 முதல் 20 வயதுடையோருக்கு விற்பது குற்றமாக்கப்படவில்லை. நெடுஞ்சாலை நிதி காக்கப்பட்டது. மதுக்கடைகளும் முன்போல் நடந்தன. இவ்விடைவெளி 1995இல்தான் அடைக்கப்பட்டது. பண இழப்புக்கு அஞ்சி ஏற்கப்பட்ட சட்டத்துக்கும், மிச்சிகனைப் போல் மக்களே வாக்களித்து ஏற்ற சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் புலனாகிறது.

உறுதியான பிடிபாடும் சுழியச் சகிப்பும்

தண்டனையைக் கூட்டினால் குற்றம் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. சமூகவியலாளர் லாரன்ஸ் ராஸ் 1982இல் வெளியிட்ட நூலில் இந்நம்பிக்கையைக் கேள்விக்குட்படுத்தினார். பிரித்தானியாவில் 1967 அக்டோபரில் மூச்சுச் சோதனையும் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்ற வரம்பும் நடைமுறைக்கு வந்தபோது இறப்புகள் சட்டென்று குறைந்தன. பிடிபடுவோம் என்று மக்கள் அஞ்சியதே காரணம். பிடிபடும் வாய்ப்பு உண்மையில் குறைவு என்பது தெரியவந்ததும் அப்பயன் தேய்ந்தது. தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடுவோம் என்னும் உறுதியே மக்களைத் தடுக்கிறது என்பது ராஸின் முடிபு.

இளம் ஓட்டுநர் விதிகளில் இப்பாடம் பொருந்தியது. 21 வயதுக்குட்பட்டோர் மது வாங்கவே கூடாது எனில், அவர்கள் வாகனம் ஓட்டுகையில் மூத்தோருக்குரிய வரம்பை அவர்களுக்கும் அளிப்பது முரண் அல்லவா? இவ்வினாவிலிருந்து 'சுழியச் சகிப்பு' விதிகள் பிறந்தன. பல மாநிலங்களில் மூத்தோருக்கான வரம்பு அப்போது 0.10 விழுக்காடு, இளையோருக்கு அது 0.02 அல்லது அதற்கும் கீழாக அமைந்தது. முழுச் சுழியம் வைக்காமல் 0.02 வைத்தமைக்குக் கருவியின் அளவீட்டுப் பிழைக்கு இடமளிப்பது ஒரு காரணம். சிறைத்தண்டனைக்கு மாறாக உரிமத்தை நிறுத்திவைப்பதே பல மாநிலங்களில் முதன்மைத் தண்டனையாயிற்று. 16 வயதில் பெற்ற உரிமத்தை இழப்பது ஓர் இளைஞனுக்கு எவ்வளவு பெரிது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மேரிலாந்தில் 1989ஐயொட்டி வந்த 0.02 விதி பற்றிய ஆய்வு, இக்கட்டுரையின் மையக் கருத்துக்குத் துணையாகிறது. அவ்விதிக்குப் பின் மது அருந்தி விபத்துக்குள்ளான இளம் ஓட்டுநர் எண்ணிக்கை மாநில அளவில் சுமார் 11 விழுக்காடு குறைந்தது. விதியைப் பற்றிய சிறப்புப் பரப்புரை நடந்த மாவட்டங்களிலோ அக்குறைவு சுமார் 50 விழுக்காட்டை எட்டியது. விதி இரு இடத்திலும் ஒன்றே. அது இருப்பதை இளைஞர் அறிந்திருந்தனரா என்பதே வேறுபாடு.

1995ஆம் ஆண்டின் நெடுஞ்சாலை அமைப்புச் சட்டம் 1984இன் வழிமுறையையே பின்பற்றியது. 0.02 வரம்பை ஏற்காத மாநிலங்கள் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை இழக்கும் என்றது. 1998க்குள் எல்லா மாநிலங்களும் அவ்வரம்பை ஏற்றன.

தொலைக்காட்சியும் 'குடிக்காத ஓட்டுநரும்'

சட்டம் 'செய்யாதே' என்றது. செய்யத்தக்கது யாது என்பதைச் சொல்லும் பணியை விழிப்புணர்வு ஏற்றது. ஆர்வர்டு பொதுநலப் பள்ளியின் ஜே வின்ஸ்டன் 1988இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். நண்பர் குழுவில் ஒருவர் அன்றிரவு குடிக்காமலிருந்து மற்றவரை வீடு சேர்க்க வேண்டும் என்னும் வழக்கம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் இருந்தது. அதனை அமெரிக்கர்க்கு அறிமுகப்படுத்த அவர் அறிவுரைப் படங்களை மட்டும் நம்பவில்லை. தொலைக்காட்சித் தொடர்களின் எழுத்தாளர்களையும் அணுகினார். 'சியர்ஸ்' உள்ளிட்ட புகழ்பெற்ற தொடர்களின் உரையாடல்களில் இக்கருத்து இடம்பெற்றது. நான்கு பருவங்களில் 160க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் இதனைப் பேசின. 1991இல் அச்சொற்றொடர் அமெரிக்க அகராதியொன்றில் இடம்பெற்றது.

விருந்தில் மதுவை மறுக்கும் இளைஞன் முன்னர்க் கேலிக்கு ஆளானான். 'இன்று நான் ஓட்டுகிறேன்' என்று சொல்ல அவனுக்கு ஒரு மதிப்பான காரணம் இப்போது கிடைத்தது. அறிவுரையால் எளிதில் பெற இயலாத மாற்றம் இது.

விளைவு குறித்த வாதங்கள்

1982க்கும் 1998க்கும் இடையே, உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் மது அருந்தியிருந்த இளம் ஓட்டுநர்களின் எண்ணிக்கை பாதிக்கும் மேலாகக் குறைந்தது. மது வயதுச் சட்டங்கள் 1975 முதல் 2017 வரை ஏறத்தாழ 31,900 உயிர்களைக் காத்தன என்பது நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு.

இம்மதிப்பீட்டை அனைவரும் ஏற்கவில்லை. பொருளியலாளர்கள் ஜெஃப்ரி மைரானும் எலினா டெட்டல்பாமும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நடுவண் சட்டத்துக்கு முன் தாமாகவே வயதை உயர்த்திய மாநிலங்களிலேயே பயன் தென்பட்டது என்றும், நிதி அழுத்தத்தால் உயர்த்திய மாநிலங்களில் அது மிகக் குறைவு என்றும் காட்டியது. மது வயது 18 அல்லது 19ஆக உள்ள கனடாவிலும் இளையோரின் மது சார்ந்த சாலை இறப்புகள் குறைந்தன. வாகனங்களின் பாதுகாப்பு வசதிகள், இருக்கைப் பட்டைச் சட்டங்கள், படிநிலை உரிம முறை ஆகியவையும் இக்குறைவில் பங்கு கொண்டவை. 2008இல் ஜான் மெக்கார்டெல் முன்முயற்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் 21 வயது வரம்பை மறுபரிசீலனை செய்ய வேண்டினர். சட்டம் குடியை ஒழிக்காமல் மறைவிடங்களுக்குத் தள்ளியது என்பது அவர்தம் வாதம்.

மறுபுறம், 21 வயது நிறைந்தவுடன் இறப்பு வீதம் சட்டென்று உயர்வதைக் கிறிஸ்டோபர் கார்பெண்டரும் கார்லோஸ் டாப்கினும் 2009இல் காட்டினர். பிறந்தநாளுக்கு முன்னும் பின்னும் ஒருவரின் இயல்பு மாறுவதில்லை. மது எளிதில் கிடைப்பது ஒன்றே மாறுகிறது. ஆகவே வயது வரம்புக்குப் பயன் உண்டு என்பதை மறுத்தல் அரிது. அப்பயன் எல்லா இடத்தும் ஒரே அளவினதாக இல்லை என்பதையே மைரான், டெட்டல்பாம் ஆய்வு உணர்த்துகிறது எனலாம். தாமாக முன்வந்த மாநிலங்களில் சட்டத்துக்கு முன்னரே மக்கள் மனம் மாறியிருக்க வேண்டும். அங்குச் சட்டம் ஏற்கெனவே உருவான ஒரு முடிவைப் பதிவு செய்தது. ஏனைய இடங்களில் அம்முடிவு உருவாகும் முன்பே சட்டம் வந்துவிட்டது.

முடிவுரை

அமெரிக்க வரலாறு தரும் செய்திகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவதாக, சட்டம் ஒரே சீராக அமையாவிடில் அதுவே தீங்குக்கு வழியாகலாம். குருதி எல்லைகள் இதற்குச் சான்று. இரண்டாவதாக, கடுமையினும் உறுதியும் தெளிவும் பயன் தருவன, 0.02 விதியும் உரிம இழப்பும் இதற்குச் சான்று. மூன்றாவதாக, விதியை மக்கள் அறிந்து ஏற்கும்போதே அது முழுமையாக இயங்குகிறது. மேரிலாந்தின் இருவேறு எண்கள் இதனைக் காட்டுகின்றன, லூசியானா இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது.

ஓகானர் எழுப்பிய வினா மட்டும் விடையின்றி நிற்கிறது. 18 வயதினனைப் படைக்கு அனுப்பும் நாடு, அவன் கையில் மதுக்குவளையைத் தர மறுக்கிறது. அவன் தந்தை குடித்துவிட்டு ஓட்டுவதை அதே உறுதியுடன் தடுத்ததா என்பதற்கு அந்நாடு இன்னும் முழு விடை கூறவில்லை. இளையோருக்கு வகுத்த விதியை மூத்தோரும் தமக்கு வகுத்துக்கொள்ளும் போதே அவ்விதிக்கு அறத்தின் வலிமையும் சேரும்.